ரொட்டிக் கடை முனையில் நின்ற கார்

வல்யெவோ நகரில் பள்ளிக்கூடச் சமையல்காரி தொப்ரிலாவிடம் யாராவது "உன்னால முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும், அந்த வேலையை முடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. கார் அவள் கைக்கு வந்ததும் அப்படித்தான். எப்போதோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் விட்டுப்போன எழுபத்திரண்டாம் வருடத்து ஃபிச்சா ஒன்று பள்ளி விறகுக் கொட்டகையில் கிடந்தது. எஞ்சினைப் பின்னால் வைத்துக் கட்டிய குட்டிக் கார். பின்சீட்டில் காவலாளியின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "நகத்த முடிஞ்சா நீயே எடுத்துட்டுப் போம்மா" என்று காவலாளி சிரித்தான். கோழியை இறக்கிவிட்டு, நாலு வாத்தியார்களைப் பிடித்துத் தள்ளச் சொல்லி, அன்று மாலையே அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை.

அட்டை கிழிந்த கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வருடம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினாள். புருஷன் திஹோமிர் சாது. வீட்டுக்குள் என்ன நடந்தாலும் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். அவர் தம்பி ராய்கோதான் வாய்க்காரன். தெருக்கோடியில் சொந்தமாகக் கார் பட்டறை வைத்திருந்தான்.

"அண்ணி, பீன்ஸ் சூப் வைக்கிற கையால கார்புரேட்டரத் தொடாதீங்க. பழக்க தோஷத்துல அதுலயும் மிளகாத்தூள் போட்டுருவீங்க."

"போட்டா என்னடா? உன் பட்டறையில மூணு மாசமா படுத்துக் கிடக்கே வண்டிங்க, அதுங்களுக்கும் ஒரு கரண்டி அனுப்பறேன். எழுந்து ஓடட்டும்."

வண்டி ஓடியது. சந்தைக்கு, பள்ளிக்கு, மழையில், பனியில் எல்லாம் ஓடியது. தெருவே வாயைப் பிளந்தது. ஜூலையில் கடற்கரைக்குப் போகலாம் என்று புருஷனையும் பெட்டியையும் ஏற்றினாள். நெடும்பயணம் கிளம்புகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றி வழியனுப்பாவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் மனசு ஆறாது. பக்கத்து வீட்டு ஸ்தாமெனா செம்போடு ஓடிவந்தாள். "தண்ணி ஓடுற மாதிரி தடங்கல் இல்லாம போய்ட்டு வா தொப்ரிலா!" என்று வாழ்த்தி ஊற்றினாள். வண்டி இருநூறு அடி போயிற்று. ரொட்டிக் கடை முனையில் இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது.

ராய்கோ இழுவைக் கயிற்றோடு வந்து, தெருவெல்லாம் வேடிக்கை பார்க்க இழுத்துவந்து விட்டான். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. தொப்ரிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினாள். பெட்ரோல் பம்பின் சவ்வை மாற்றினாள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றினாள். ஒரு மாதம் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டிப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் நாத்தனார் பெண் கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அதே ரொட்டிக் கடை முனை. அதே இருமல்.

இந்தத் தடவை ராய்கோ நடுத்தெருவில் நின்றே பேசினான். "போதும் அண்ணி. குடும்ப மானம் போகுது. மூணாவது வாட்டி இதே முனையில நின்னா, கட்டி இழுத்து நேரா காயலான் கடையில விட்டுருவேன். என்னண்ணா, சரிதானே?"

"சரி" என்றார் திஹோமிர், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

கட்டிய புருஷன் சொன்ன அந்த ஒரு "சரி" தொப்ரிலாவைச் சுட்டது. "அக்டோபர்ல எங்கண்ணன் வீட்டுல புனிதர் திருநாள் விருந்து. இந்த வண்டியிலதான் போவேன். ஊரே வந்து பாக்கட்டும்" என்றாள். "கயித்தக் கட்டு, ஆனா எஞ்சின் மூடியில கைய வெச்சே, கரண்டியால அடிப்பேன்."

வாசலுக்கு இழுத்துவந்து விட்டதும் எல்லாரையும் விரட்டிவிட்டு, கல்யாணத்துக்கென்று போட்டிருந்த பட்டுச் சட்டையோடே எஞ்சின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். துக்கம் இல்லை, ஆத்திரம். முப்பது வருடமாக அவள் கையால் ஆக்கியதெல்லாம் மத்தியானத்துக்குள் தின்று தீர்ந்துவிடும். தின்று தீராத ஒரே பொருள் இந்த வண்டிதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

போன தடவை சாயங்காலம்வரை பொறுத்தது தப்பு என்று இப்போது தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர்! மூன்று வாரமாக ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. ரேடியேட்டர் குழாய்களைத் தடவினாள், காய்ந்திருந்தன. பிறகுதான் ஒயரில் ஒட்டியிருந்த சின்னப் பச்சை இலையைப் பார்த்தாள். கசக்கி முகர்ந்தாள். திருநீற்றுப்பச்சை.

ஸ்தாமெனா வழியனுப்பும் செம்பில் எப்போதும் ஒரு கொத்து திருநீற்றுப்பச்சை போட்டுத்தான் கொண்டுவருவாள்.

தொப்ரிலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தைக்குப் போகிறவளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? நெடும்பயணத்துக்குத்தானே! பின்னால் விசிறிய தண்ணீர் எஞ்சின் மூடியின் கீற்றுகள் வழியாக உள்ளே விழுந்து, ஒயர் வழியே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இறங்குவதற்கும் ரொட்டிக் கடை வருவதற்கும் சரியாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் எஞ்சின் சூட்டில் தானாகக் காய்ந்துவிடுகிறது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் ராய்கோ பத்து வருடம் சிரிப்பான். ஸ்தாமெனா அவமானத்தில் வெளியே தலைகாட்ட மாட்டாள். தெருவிலேயே "விட்டுத் தொலை" என்று ஒரு நாளும் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். வாழ்த்துகிறவளைத் தள்ளி நிற்கச் சொல்வதா? வாழ்த்தைத் தாங்க வண்டிதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பள்ளிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்துவந்தாள். நாலு பிளக்குக்கு நாலு ஒயர், காயிலுக்கு ஒன்று, ஆக ஐந்து. கையுறைக்கும் ஐந்து விரல். நுனிகளை வெட்டி, விரலுக்கு ஒரு ஒயராக நுழைத்து, மணிக்கட்டுப் பகுதியை இழுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் போர்த்திக் கட்டினாள். எஞ்சினை ஓடவிட்டு மூன்று செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு இருமல் இல்லை.

விருந்து நாள் காலையில் தெருவே திரண்டிருந்தது. ராய்கோ கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான். ஸ்தாமெனா மட்டும் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"ரெண்டு வாட்டியும் நான் ஊத்தித்தான் அனுப்பினேன். என் கை ராசியில்லையோ என்னவோ. இந்தத் தடவை வேணாமே, தொப்ரிலா."

"அக்கா, அந்தச் செம்ப உள்ள வெச்சுட்டு வாளியக் கொண்டாங்க."

"வாளியா?"

"நிறைய!"

வாளித் தண்ணீர் முழுவதும் பின்மூடியில் அறைந்தது. திஹோமிர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கிளம்பியது. ஐம்பது அடி, நூறு அடி, ரொட்டிக் கடை முனை. அங்கே நின்றது.

தெரு "ஐயோ" என்றது. ராய்கோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சீழ்க்கையடித்தபடி ஓடினான். தொப்ரிலா இறங்கி, அவனைத் திரும்பியும் பார்க்காமல் ரொட்டிக் கடைக்குள் போனாள். வெளியே வந்தபோது அக்குளில் சுடச்சுட ஒரு பெரிய ரொட்டி இருந்தது.

"என்ன அண்ணி, நின்னுருச்சா?"

"அது எங்கடா நின்னுது? நான்ல நிறுத்தினேன். எங்கண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாங்க?"

ரொட்டியைப் புருஷன் மடியில் வைத்தாள். சாவியைத் திருப்பி, இருக்கைகளுக்கு நடுவே இருந்த, வண்டியைக் கிளப்பும் சின்ன நெம்புகோலை இழுத்தாள். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"கயித்தப் பத்திரமா வெச்சுக்க ராய்கோ. உன் பட்டறை வண்டிங்களுக்கு வேணும்."

மேட்டில் ஏறி மறைகிறவரை பின்மூடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. ஸ்தாமெனா காலி வாளியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றாள்.