தேக்குக்கு அளவெடுத்தவர்

தையல்காரருக்குத் தன்னை நினைத்தால் தனக்கே சிரிப்பு வரும். ஊரில் அத்தனை பேருக்கும் கை பிசகாமல் அளவெடுத்தவர், சொந்தத் தேக்கு மரங்களிடம் கோட்டை விட்டார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், இடுப்பளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், "தேக்கை நட்டுட்டுத் தூங்குங்க, அது உங்களுக்காக உழைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுமாதமே ஒரு ஏக்கரில் அறுநூறு கன்று. மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது. மரம் விற்கிற அன்றைக்குக் கடையைப் பூட்டுவதாக மனைவிக்கு வாக்கும் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் இஞ்ச் டேப்போடு தோப்புக்குப் போவார். அங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டுத் தளர்வாக அளப்பார். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று மேலும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவார். நோட்டில் மரங்கள் கொழுத்தன. ஏழாம் வருஷம், கன்று கொடுத்த நாற்றுப் பண்ணைக்காரர் வந்து, "பாதியை வெட்டுங்க, அப்பதான் மீதி பெருக்கும்" என்றபோது, அந்த நோட்டைக் காட்டியே அவரை அனுப்பிவைத்தார்.

போன வாரம் மர வியாபாரி வந்து நாடாவை இறுக்கிப் பிடித்தார்.

"என்ன டைலரண்ணே, இது தோப்பா, வேலிக் கம்பா?"

"நோட்டைப் பாருங்க. எல்லாம் இருபத்திநாலு அங்குலம்."

"நான் நோட்டையா அறுக்கப் போறேன்? இருபதைத் தாண்டல. நெருக்கத்துல எல்லாம் மேலயே ஓடிருச்சு. இப்பவாவது பாதியைக் கழிச்சா, மீதி பத்து வருஷத்துல தேறும்."

பத்து வருஷம் என்றால், கடையும் பத்து வருஷம். மொத்தத்தையும் கம்பு விலைக்குத் தள்ளினால் இன்றைக்கே பூட்டலாம். அதை வைத்து எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"ஏங்க, துணியில கத்திரி வைக்கறப்ப நடுங்காத கை. மரத்துக்கு மட்டும் என்ன பாவம் பாக்கறது?"

"பாவமில்லடி, பேராசை. அறுநூறையும் வித்து மனசுக்குள்ள எப்பவோ பணக்காரனாயிட்டேன்."

"சரிங்க பணக்காரரே, பாதியை வெட்டச் சொல்லுங்க. வர்ற காசுல மிஷினுக்கு ஒரு மோட்டாரைப் போடுவோம். முட்டியாவது பொழைக்கட்டும்."

மறுநாள் தோப்பில் முதல் மரம் சாய்ந்தபோது, அவர் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"கடையை மூடப் போறதாச் சொன்னீங்களே?" என்றார் சட்டை வாங்க வந்தவர்.

"எனக்கு என்னங்க, அறுபத்தொண்ணுதானே ஆகுது" என்றார் தையல்காரர். "இந்தச் சின்ன வயசுல சும்மா உக்காந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"