கடைக்காப்பு இல்லாத கேசட்

வீட்டில் பதிந்த பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் தரத்துக்கு ஈடாகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஈடாகாது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தரத்தின் பெயரால் எங்கள் கோயிலில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

எண்பதுகளில் மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். அடுத்த தெருவிலேயே கோயில். வெள்ளிதோறும் அங்கே பெண்களுக்குப் பதிகம் பயிற்றுவித்தவர் என் மனைவி. காலைப் பூசைக்கு முன் ஒலிபரப்ப, அவர் குரலில் ஒரு பதிகத்தைக் கேசட்டில் பதிந்து தரும்படி கோயில் செயலாளர் கேட்டார்.

அந்தப் பதிகத்தில் பதினோரு பாடல்கள். இறுதிப் பாடலைக் கடைக்காப்பு என்போம். பாடிய அடியார் தம் பெயரைச் சொல்லி, இதை ஓதுவோர்க்கு வாய்க்கும் பேற்றையும் அருளிச்செய்யும் இடம் அது. அதை விட்டுவிடுவது, பந்தியில் அமர்த்திக் கறிகளை வைத்துச் சோறு போடாமல் எழுப்பி விடுவதற்கு ஒப்பு.

படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்தேன். சன்னல்களைப் போர்வையால் மூடினேன். மின்விசிறியை நிறுத்தி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அடுக்களையில் வைத்தேன். இரண்டு பயணிகள் ரயில்களுக்கு இடையே முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சரக்கு ரயில் யார் கணக்குக்குக் கட்டுப்படும்? எட்டாம் பாடலில் வந்து சேர்ந்தது. என் மனைவி நிறுத்தவில்லை. வியர்வை வழிய வழியக் கடைக்காப்பு வரை பாடி முடித்த பிறகே கண் திறந்தார்.

செயலாளர் அதை அலுவலக அறையில், நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் போட்டுக் கேட்டார்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்டி வாய்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னால ரயில் ஓடுதுலா. இது கோயில் கேசட்டா, ஸ்டேஷன் கேசட்டான்னு ஆளுங்க கேப்பாங்க."

குழுவினர் சிரித்தார்கள். தரம் வேண்டுமென்று எங்களைக் கிள்ளான் நகரில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கூடம். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் பணிவானவர், தொழில் அறிந்தவர். அவர் கொடுத்த ஹெட்போனில் என் மனைவியின் குரலைக் கேட்டபோது ஒவ்வோர் எழுத்தும் துலக்கிய வெள்ளிபோல் ஒலித்தது. இது என்னால் வீட்டில் ஆகாத வேலை என்று பேருந்தில் திரும்பும்போது மனைவியிடமே சொன்னேன்.

கேசட்டை முதன்முதல் ஒலிபரப்பிய வெள்ளியன்று இருவரும் சந்நிதியில் நின்றோம். நாங்கள் கேட்டறியாத ஒரு கீபோர்டு இசை முன்னே வந்தது. பாடலுக்குப் பாடல் நடுவே புல்லாங்குழல் நுழைந்தது. ஒன்பதாம் பாடல் முடியும்போது குரல் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. உடனே வேறொரு பக்திப் பாடல் தொடங்கிவிட்டது. என் மனைவி கூப்பிய கையை இறக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

நான் நேரே அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம் இருந்தது என்றும், மியூசிக் வேண்டுமென்று கேட்டதும் இரண்டு பாட்டை எடுத்துவிடச் சொன்னதும் தாமே என்றும் செயலாளர் கூச்சமின்றிச் சொன்னார்.

"எல்லாம் ஒரே மெட்டுதானே அங்கிள். ரெண்டு பாட்டு கொறஞ்சா சாமி கோவிச்சுக்குமா? குவாலிட்டிய பாருங்க."

எந்தத் தரம்? அந்தக் கேசட் ஒலித்தது அரசமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில். வெள்ளிபோல் துலங்கிய குரல் அதன் வழியே கடுகு பொரிவதுபோல் வெடித்து வந்தது. போதாக்குறைக்கு, யாருடைய காதுக்காக ரயிலை நீக்கினார்களோ அவர்கள் காதருகிலேயே காலைதோறும் ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயிலைப் பொறுக்காதவர்கள் பதிகம் குறைபட்டதைப் பொறுத்துக்கொண்டார்கள். வீட்டுக் கேசட்டையே போடுங்கள் என்று மன்றாடினேன். முடியாது என்றார்.

அடுத்த வெள்ளியும் ஒன்பதாம் பாடலில் குரல் தேய்ந்தது. தேய்ந்த இடத்திலிருந்து, ஒலிவாங்கி இல்லாமல், நின்ற நிலையிலேயே என் மனைவி பத்தாம் பாடலை எடுத்தார். அவரிடம் பயின்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மரத்திலிருந்து அந்த வேற்றுப் பாடல் அலறிக்கொண்டிருந்தது. இவர்கள் அதற்கு மேல் பாடினார்கள். செயலாளர் வெளியே வந்து பார்த்தார். எவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கேசட்டை நிறுத்தினார்.

கடைக்காப்பு தொடங்கியபோது ரயில் வந்தது. அவர்கள் நிறுத்தவில்லை.