சூடில்லாத ஊசி

என் நாக்கில் ஊசி வைக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசியபோது எனக்குப் பத்தொன்பது வயது. பொன்னூசியை நெருப்பில் காட்டி நுனி நாக்கில் ஒரு தொடு. கடல் தாண்டிப் போனவர்கள் மறுபடி சாதி சனத்தோடு பந்தியில் உட்கார அதுதான் வழி என்றார்கள். நான் செய்த குற்றம், கல்லூரிக் கோடை விடுமுறையில் அப்பா அம்மாவோடு ஐரோப்பா போய் வந்தது. இன்றைக்கு வருத்தப்படச் சொன்னாலும் படமாட்டேன்.

ஊர் சுற்றிப் பார்க்கவா போனோம்? எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். நடையைப் பார்த்தே மாட்டுக்கு விலை சொல்கிறவர் அப்பா. அவர் கிணற்றுமேட்டில் நின்றுகொண்டு, கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற எருதில் எது மயிலை, எது செவலை என்று நிறம் தெரியாமல் பண்ணையாளிடம் கேட்க ஆரம்பித்தார். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. சென்னை டாக்டர், வியன்னாவில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார் என்று கடிதம் கொடுத்தார். அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. அம்மாவும் அப்படித்தான். நான் சென்னையில் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகையறாவில் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்த முதல் பெண் நான்தான்.

அம்மாவின் அண்ணன், பக்கத்து ஊர் மாமா, சேதி கேட்டதும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏனுங்க மாப்ள, வயசுக்கு வந்த புள்ளயக் கப்பல்ல ஏத்துவாங்களா?”

“எனக்குக் கண்ணு தெரியல, உங்க தங்கச்சிக்கு இங்கிலீசு தெரியாது. அம்முணி வரலீன்னா நாங்க எங்கீங்க மச்சான் போறது?” என்றார் அப்பா. மாமா மோர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார்.

சித்திரையில் கிளம்பினோம். கப்பலில் அம்மா வாந்தி எடுத்தே பாதியாகிப் போனாள். இத்தாலியில் இறங்கி, ரயிலேறி, வியன்னாவில் ஒரு விதவை நடத்திய விடுதியில் இரண்டு அறை எடுத்தோம். அங்கே கோடையில் எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பொழுது விழாமல் ராச்சோறு தின்கிற வழக்கம் நம்மிடம் உண்டா என்று, ஸ்டவ்வில் கிண்டிய ராகிக் களியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். இருட்டுவதற்குள் பசியில் எனக்குக் கண் இருட்டும். மூன்றாம் நாள் அவளே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, “பொழுது உழுந்துருச்சு, சாப்பிடலாம்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் நான்தான் அப்பாவுக்கு வாய். டாக்டருக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும். அவர் கேட்டதைத் தமிழில் சொல்லி, அப்பா சொன்னதை இங்கிலீஷாக்கி, மறுபடி அவர் சொன்னதைத் தமிழாக்கி, ராத்திரி படுத்தால் தாடை வலிக்கும். ஆபரேஷனுக்கு முதல்நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு கண்ணைத்தான் காப்பாற்ற முடியும், இன்னொன்று போனது போனதுதான் என்றார். அதை அப்பாவிடம் நான்தான் சொல்லியாக வேண்டும். மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

“மாடு பாக்க ஒண்ணு போதும் அம்முணி” என்றார் அப்பா.

கட்டு அவிழ்த்த பிறகு விடுதிக்கார அம்மாள் எங்களைக் குடியானவரான தன் தம்பியின் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். புல்வெளியில் பழுப்பு நிறப் பசுக்கள். அப்பா ஒரு கண்ணால் அவற்றைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோள் துண்டை எடுத்து அந்த வெள்ளைக்காரத் தம்பியின் கைமேல் போட்டு, அதனடியில் தன் கையை நுழைத்து விரலைப் பிடித்துவிட்டார். எங்கள் பக்கத்துச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரலை அழுத்துவதுதான் பேரம். அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். நான் இங்கிலீஷில் விளக்க, அந்த அம்மாள் அதை ஜெர்மனாக்க, அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தானாகவே துண்டுக்குள் கையை விட்டு நான்கு விரலை அழுத்தினார். “நாலுங்கறான்” என்றார் அப்பா. நாலு என்ன என்று அப்பாவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனியில் ஊர் திரும்பினோம். கல்லூரி திறந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஆடி பிறப்பதற்குள் மாமா மகனுக்குக் கல்யாணம், அதை முடித்துக்கொண்டு போகலாம் என்று நான் தங்கினேன். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துச் சீர் சடங்குகளை எல்லோரும் செய்துவிட முடியாது. அதற்கென்று தனிச் சடங்கு செய்துகொண்ட சீர்காரிதான் மணமக்களைத் தொட்டு நடத்த வேண்டும். மாமா வீட்டுக்குச் சீர்காரி அம்மா. அண்ணன் மகன் கல்யாணத்தைத் தன் கையால் நடத்த வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டவள். கப்பலில் வாந்திக்கு நடுவிலும் அதைத்தான் பேசினாள்.

திரும்பிய நாலாம் நாள் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் கூடினார்கள். அப்பா வைத்தியத்துக்குப் போனவர், தேங்காய் உடைத்தால் போதுமாம். அம்மா புருஷன் பின்னால் போனவள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சரியாம். நான்?

“அந்தப் புள்ள எதுக்குப் போச்சு? பேசறதுக்குத்தானுங்க போச்சு. வெள்ளைக்காரங்கிட்டப் பேசுன நாக்குக்குத்தான் ஊசி” என்றார் ஒருவர். ஊசி வைக்காவிட்டால் எங்கள் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, அம்மா கல்யாணச் சீர் செய்யவும் கூடாது என்று முடித்தார்கள். இவர்களில் ஒருவருடைய மகன் லண்டனில் வக்கீலுக்குப் படித்துவிட்டு வந்தவன். அவன் அங்கே ஊமையாகவா இருந்தான்? அவனுக்கு மாலை போட்டு அழைத்து வந்தார்கள்.

அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு தொடுதான சாமி. எனக்காக நீட்டிரு.”

அம்மாவுக்காக நீட்டிவிடுவேனோ என்று பயந்தேன்.

அதற்குள் ஆசாரத்தில் மாமா எழுந்து அப்பாவிடம் வந்து, கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து, காதோடு ஏதோ முணுமுணுத்தார். அப்பா துண்டைச் சுருட்டி எடுத்தார். இருவர் கையும் எல்லோருக்கும் தெரிந்தது.

“மச்சான், நான் மாடு விக்க வல்லீங்க. சொல்றத எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க.”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஊசியச் சூடு பண்ண வேண்டாமுங்க. சும்மா பச்சையா வெச்சு எடுத்தரலாம். பாக்கறவங்களுக்குச் செஞ்ச மாதிரியும் ஆச்சு, புள்ளைக்கும் நோகாது.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவு நேரம் தீட்டு, பாவம் என்று குதித்தவர்கள்! சூட்டுக்குக்கூட நான் அவ்வளவு கோபப்படவில்லை. இந்தச் சூடில்லாத ஊசிக்குத்தான் எனக்குத் தலைக்கேறியது. அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வந்து நடுவில் நின்றேன்.

“பாவமுன்னா சூடு பண்ணி வைங்க. பாவமில்லீன்னா ஊசிய உள்ள எடுத்து வைங்க. ரெண்டுக்கும் நடுவுல என் நாக்க நீட்ட மாட்டேன்” என்றேன்.

யாரும் சூடு பண்ணச் சொல்லவில்லை, ஊசியை உள்ளே வைக்கவும் இல்லை. ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் மேளச் சத்தம் எங்கள் தோட்டம் வரைக்கும் கேட்டது. சற்று நேரத்தில் மாமாவின் வண்டி வந்து நின்றது. உள்ளிருந்து இறங்கிய அவருடைய பங்காளி ஒருவர், வேறு சீர்காரி சரிப்படவில்லை, முகூர்த்தம் போகிறது, அம்மா மட்டும் வந்து நடத்திக் கொடுக்கட்டும் என்றார். “உங்களுக்கென்னங்க தோசம்? புள்ளையத்தான ஆகாதுங்கறாங்க.”

அம்மா விடியற்காலையிலேயே குளித்துப் பட்டுச்சேலை கட்டியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். போகட்டும், நியாயம்தான் என்று நினைத்தேன். வண்டிக்காரர் மாட்டை அதட்டினார். வாசலைத் தாண்டுமுன் அம்மா நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்றாள்.

“எம்புள்ள நாக்கு ஆகாதுன்னா, அவளச் சொமந்த வயிறு மட்டும் எப்படீங்க ஆகும்? அண்ணங்கிட்டச் சொல்லிருங்க.”

வண்டி அம்மா இல்லாமலே போனது. அம்மா உள்ளே போய்ப் பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய சேலையோடு அடுப்படிக்கு வந்தாள். தூரத்தில் மேளம் ஓங்கி அடித்தது, தாலி கட்டுகிறார்கள் போலிருக்கிறது. அவள் அழுதாள். அழுதுகொண்டே பதினெட்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“நீ காலேசுக்குப் போக சேலத்துல ரயிலு எத்தனை மணிக்கு? புளிச்சோறு கட்டோணும்.”