படகில்லாத வீட்டுக்குச் சிப்பியில்லை

இருசம்மாளின் புருஷன் கோட்டை வேலையில் செத்தான். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்களுடைய கப்பல்கள் கரைக்கு வராது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிப்பொதிகளைப் படகில் ஏற்றிக் கப்பலில் சேர்ப்பது குப்பத்துக்காரர்கள் தலையில் விழுந்த ஊழியம். வீட்டுக்கு ஒரு ஆள், கூலி கிடையாது. ஒரு வாடைக்காலத்தில் அலை புரட்டியடித்ததில் படகும் போனது, அவனும் போனான். பொதிகள் மிதந்து கரைக்கு வந்தன. கோட்டை ஆட்கள் வந்து அவற்றை எடுத்துப் போனார்கள். அவனைத் தேட ஒருவரும் வரவில்லை.

அதற்குப் பிறகும் அந்த வீட்டின் மேல் ஊழியம் இருந்தது. ஆண் இல்லாததால் அவளே போய்க் கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு சுமந்தாள். ஆறு வருஷம் சுமந்தாள்.

அந்த ஊழியத்தோடு சேர்ந்து வீட்டுக்கு ஒரு பாத்தியதையும் இருந்தது. ஏழு குப்பங்களுக்கும் பொதுத் தலைவரான பெரியதனக்காரரை வருஷா வருஷம் தை மாதத்தில் தேர்ந்தெடுப்பார்கள். நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பானை; வீட்டுக்கு ஒரு சிப்பி. துணி மூடிய பானைக்குள் கையை விட்டுப் போட்டுவிட்டு வரவேண்டும். புருஷன் போன வீட்டுக்கு அவன் பெண்டாட்டி போடுவாள். இருசம்மாளும் போட்டாள்.

கடைசியாக நடந்த தேர்தலில் சுப்பராயலு ஒன்பதே சிப்பி வித்தியாசத்தில் ஜெயித்தான். கோட்டைக்காரர்களுக்கு மொழிபெயர்த்து வேலை வாங்கித் தரும் துபாஷிக்கு வேண்டியவன் அவன். ஊழியத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தே பெரிய மனிதனானவன். படகில்லாத வீடுகளும் தாலியறுத்த வீடுகளும்தான் தனக்கு எதிராகப் போட்டன என்பது அவனுக்குத் தெரியாதா? மார்கழியில் நாட்டார் கூட்டத்துக்கு நாள் குறித்தான். குப்பத்துக்கு ஐந்து பேராக முப்பத்தைந்து பேர் உட்காரும் சபை அது. அவர்கள் கை தூக்கினால் அது ஏழு குப்பத்துக்கும் சட்டம். அங்கே வைக்க அவன் எழுதிவைத்திருந்த ஓலையில் ஒரே வரி: சொந்தப் படகில்லாத வீட்டுக்கு இனிமேல் சிப்பியில்லை.

சேதி கேள்விப்பட்டதும் இருசம்மாள் கருவாட்டை வெயிலில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தன் குப்பத்து ஐவரில் ஒருவரான நீலமேகத்திடம் போனாள்.

"மாமா, எம்படகு எங்க போச்சுன்னு உனக்குத் தெரியாதா? கோட்டைக்கு ஒழைச்சுத்தான போச்சு? அதுக்காவ எங்கிட்டயே சிப்பியப் புடுங்குறதா? இது இன்னா நாயம்?"

"நாயமில்லதான். ஆனா அவங்கிட்ட கை ஜாஸ்தி இருக்குதும்மா. ஓலைய நிறுத்த முடியாது."

"நிறுத்த வேணாம். ஒரு வரி சேக்கச் சொல்லு. சிப்பி இல்லாத வூட்டுக்கு ஊழியமும் இல்லன்னு எழுதச் சொல்லு."

 "கேக்குறேன்" என்றார் நீலமேகம்.

கூட்டத்தில் பெண்களுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். தன்னைப்போலப் புருஷனை இழந்த எல்லம்மாவோடு இருசம்மாள் அங்கே நின்றாள். உள்ளே ஐவரில் ஒருவனாக அவள் கொழுந்தன் வரதனும் இருந்தான். ஓலையைப் படித்து முடித்ததும் நீலமேகம் எழுந்து, சேர்க்கவேண்டிய வரியைச் சொன்னார். சபையில் சலசலப்பு.

"அப்ப அவுங்க ஊழியத்துக்கும் யார் போறது? நானா?" என்றான் சுண்ணாம்புக்குளத்துப் படகுக்காரன் ஒருவன்.

இருசம்மாளால் பொறுக்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏன், நீ போனா இன்னா? படகு உங்கிட்டதான இருக்குது? சுண்ணாம்பு தூக்கறப்ப நான் ஒரு வூடு, சிப்பி போடறப்ப நான் வூடு இல்லியா?"

"பொம்பளைய வெளிய இட்டுக்கினு போங்கப்பா" என்றான் சுப்பராயலு. அவள் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

நீலமேகத்தின் வரிக்குப் பதினாலு கைதான் எழுந்தது. ஓலைக்கு இருபத்தொன்று. சட்டம் நிறைவேறியது. வரதனும் அன்றைக்கு அண்ணி பக்கம்தான் கை தூக்கினான்.

பத்து நாளில் கப்பல் வந்து நின்றது. ஆள் கூப்பிடத் தமுக்கு அடித்தார்கள். படகில்லாத நூற்றிருபது வீடுகளில் ஒரு வீட்டிலிருந்தும் ஆள் கிளம்பவில்லை. வீடு வீடாகப் போய் இருசம்மாள்தான் சொல்லிவைத்திருந்தாள்: "நம்மளுதும் வூடுதான்னு அவுங்க சொல்றவரைக்கும் போவாதீங்க." இரண்டு பேரைப் பிடித்துப்போய்க் கோட்டைக்குள் கட்டிவைத்து அடித்தார்கள். அப்படியும் யாரும் போகவில்லை. ஐந்து நாள் கப்பல் சும்மா நின்றது. துபாஷி பல்லக்கில் வந்து, நாலு பேர் பார்க்கச் சுப்பராயலுவைக் கேட்ட கேள்வியில் அவன் முகம் கறுத்துப்போனது.

மறுநாளே சபை மறுபடியும் கூடியது, ஓலையைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? படகில்லாவிட்டாலும் ஆண் இருக்கும் வீட்டுக்குச் சிப்பி உண்டு. ஆண் இல்லாத வீட்டுக்குச் சிப்பியில்லை. ஊழியம் எல்லா வீட்டுக்கும் பழையபடியே.

திருத்தத்தை எதிர்த்து ஏழே கைதான் எழுந்தது. வரதன் கை எழவில்லை. அடிபட்டுக் கிடந்த இருவரில் ஒருவனின் அண்ணன்கூடத் திருத்தத்துக்குத்தான் கை தூக்கினான். அன்று மத்தியானமே ஆண்கள் பொதி தூக்கப் போய்விட்டார்கள். விதவை வீடுகள் இருபத்திரண்டு தனியாக நின்றன.

"எல்லாருக்கும் கேட்டா ஒருத்தருக்கும் கெடைக்காது அண்ணி. முதல்ல நாங்க வாங்கிக்கினு, அப்பறம் உங்களுக்கு..." என்று வரதன் வந்து சொன்னான்.

"உங்களுக்கு வாங்கிக் குடுத்ததே நாங்கடா! வூடு வூடா நடந்தது யாரு காலு?" என்றாள். 

தையில் பானை வைத்தபோது இருபத்திரண்டு பெண்களும் சிப்பியோடு வந்தார்கள். காவல்காரர்கள் மறித்தார்கள். இருசம்மாள் தன் வீட்டுச் சோற்றுப்பானையைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்கும்படி மணலில் வைத்தாள். துணிகூட மூடவில்லை. சுப்பராயலுவை எதிர்த்து நின்றவர் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தியும் அதில் போட்டாள். அந்தப் பக்கம் எண்ணி முடித்தபோது சுப்பராயலு பதினாறு சிப்பி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான். மணலில் இருந்த பானையில் இருபத்திரண்டு. கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள்கூட அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் முழுவதும் அவனைப் பெரியதனக்காரர் என்று கூப்பிடுகிறபோது ஜனங்களுக்கு நாக்கு இடறியது. அடுத்த மார்கழியில் நீலமேகம் புதிய ஓலை கொண்டுவந்தார்: ஊழியம் செய்கிற எந்த வீட்டுக்கும் சிப்பி உண்டு. பதினெட்டுக் கை, பதினேழுக்கு எதிராக. வரதனும் தூக்கினான். தூக்கிவிட்டு நேரே அவள் வாசலுக்கு வந்தான்.

"அதான் கெடைச்சிடுச்சே அண்ணி. இன்னும் இன்னா கோவம்?"

இருசம்மாள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கெடைக்கலடா. எங்கிட்டருந்து திருடுனத திருப்பிக் குடுத்துருக்கீங்க. அதுக்கு நான் சந்தோசப்படணுமா?"

அவனை உட்காரச் சொல்லவில்லை. சாகும்வரை அவள் அவனை உட்காரச் சொல்லவேயில்லை.