இடைக்கதவுக்குப் போட்ட பூட்டு

இந்தச் சம்பவங்கள் தொடங்கிய காலத்தில் மட்டாஞ்சேரியில் என் நிலை என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எறணாகுளத்தில் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றவன் நான். மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கடிதப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். எங்கள் தமிழ்ச் சமூகத்தின் மண்டபத்துக்கு இரண்டு முறை காரியதரிசி. தெருவில் தொலைபேசி இருந்த ஒரே வீடு என்னுடையது. ரேஷன் அட்டையோ பென்ஷன் விண்ணப்பமோ, எவர் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அதை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் பூர்த்தி செய்த படிவம் எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை.

அப்பா காலமானபின் வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, மேற்குப் பாதியில் நானும் கிழக்குப் பாதியில் என் ஒரே தம்பியும் குடியிருந்தோம். மனக்கசப்பில்லாமல் நடந்த பாகப்பிரிவினை அது. கிணறு அவன் பக்கம் போயிற்று, தொலைபேசி என் பக்கம் இருந்தது. ஆகவே அடுக்களையை ஒட்டிச் சுவரில் ஒரு கதவு வைத்தோம். அதற்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதை யாரும் போட்டதில்லை.

தம்பி பள்ளுருத்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். குழந்தைகள் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியதும் ஒரு முறை நெஞ்சுவலி வந்து பிழைத்தான். "இனி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஃபோன் செய்யுங்கள், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று டாக்டர் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் அந்த எண்ணை என் கூடத்துச் சுவரில், தொலைபேசிக்கு மேலே, பென்சிலால் எழுதிவைத்தாள்.

எழுபதுகளின் இறுதியில், அடுத்த தெருவில் பட்டப்பகலில் ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே நுழைந்து ஒரு வீட்டைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த மாதமே என் வீட்டுப் பொருள்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முடிவு செய்தேன். படிவத்தில் பூட்டுகளைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது. வெளிக்கதவுகளுக்கு ஐந்து லீவர் பூட்டு இருக்க வேண்டும். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பிகள், சட்டத்தில் போல்ட்டு வைத்து முடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒன்பதாவது வினா: பிறர் குடியிருக்கும் இடத்திலிருந்து தங்கள் வீட்டுக்குள் வர வழி உண்டா? உண்டென்றால் அந்த வழிக்கும் அதே பூட்டு. வீட்டில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அது பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

பார்வையிட வந்த கம்பெனி அலுவலர் அடுக்களைப் பக்கம் வந்ததும் இடைக்கதவைக் கண்டு நின்றார்.

"சாரே, இந்த வாதில் யாரோட வீட்டுக்கு?"

"என் தம்பி வீட்டுக்கு."

"கூடப்பிறந்த தம்பிதானே? அப்போ அங்கே சுவர்னு எழுதிக்கோங்கோ. எல்லாரும் அப்படித்தான். யாரு வந்து நோக்கப்போறா?"

கதவைச் சுவரென்று எழுத என் கை வராது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அப்படின்னா பூட்டு வாங்கிப் போடுங்கோ. ரெண்டு சாவி வரும். ஒண்ணை விசுவாசமுள்ள ஆள்கிட்டக் குடுத்து வைங்கோ, தொலைஞ்சா கஷ்டம்" என்றார்.

எறணாகுளம் பிராட்வேயில் கனமான பித்தளைப் பூட்டு வாங்கிவந்து தச்சரை வைத்துக் கதவில் பதித்தேன். தச்சர் வேலை செய்வதைத் தம்பி தன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"என்ன அண்ணா, நான் கிணத்தடியிலேர்ந்து நுழைஞ்சு மன்னியோட வெள்ளிக் குடத்தைத் தூக்கிண்டு போயிடுவேனா?"

"ஒன்பதாவது கேள்விடா. உன்னைப் பத்தி இல்லை."

"அண்ணாவுக்கு ஒரு ஃபாரம் கிடைச்சாப் போறும், சோறு வேண்டாம்" என்று தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். பிறகு என்னிடம், "சரி, அந்த ரெண்டாவது சாவி எனக்குத்தானே?" என்றான்.

பிறர் வசம் சாவி இருந்தால் பூட்டுக்குப் பொருளில்லை என்று விளக்கினேன். அவன் தலையாட்டினான். இரண்டாவது சாவியை அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

இரண்டாண்டுகள் ஒரு குறையும் இல்லை. நாங்கள் வீட்டில் இருக்கும்போது கதவு திறந்திருக்கும். வெளியே போனால் பூட்டுவேன்.

அன்று என் மனைவி தேவராவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் வழக்கம்போல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு அலுவலகம் சென்றேன். பத்தரை மணிக்குமேல் தம்பிக்கு வலி வந்தது. அவன் மனைவி இடைக்கதவைத் தட்டி "மன்னி, மன்னி" என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லையென்றதும் உலக்கையால் இடித்திருக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கிடங்குத் தொழிலாளர் இருவர் கடப்பாரையோடு ஓடிவந்து என் முன்ஜன்னலை நெம்பினார்கள். சட்டத்தில் மரம் பிளந்ததே தவிர கம்பி அசையவில்லை. பிறகுதான் ஒருவர் ஆட்டோ தேடி ஓடினார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் தம்பியின் உயிர் போயிற்று.

செய்தி வந்து நான் வீடு சேர்ந்து அந்தக் கதவைத் திறந்தேன். சாவி வழக்கம்போல் எளிதாகத் திரும்பியது. மறுபக்கத்துப் பலகையில், பூட்டைச் சுற்றி, உலக்கைப் பூண் வட்டவட்டமாகப் பதிந்திருந்தது. தம்பி மனைவி அருகில் நின்றிருந்தாள். அதன்பின் பாலக்காட்டில் தன் பிறந்தகத்துக்குப் போகும்வரையிலும் அவள் என்னிடம் பேசவில்லை.

பத்தாம் நாள் அவளுடைய அண்ணன் எல்லோருக்கும் முன்னால் நகராட்சிப் படிவம் ஒன்றை என் முன்னே வைத்தார். "மரணத்தைப் பதியறதுக்கும் ஒரு ஃபாரம் உண்டு. நீங்கதானே தப்பில்லாம எழுதுவேள்? எழுதிக் குடுங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வரவில்லை.

மூன்றாம் முறை காரியதரிசிப் பதவிக்கு என் பெயரை யாரும் முன்மொழியவில்லை. தெருவில் படிவங்களை வேறொருவரிடம் கொண்டுபோனார்கள். இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும் தாள் வந்தபோது, ஒன்பதாவது வினாவுக்கு முன்பு எழுதிய விடையையே எழுதினேன். கதவு அங்கேதான் இருந்தது.

நாற்பதாண்டுகளாக மண்டபத்திலும் கல்யாண வீடுகளிலும் ஒரு பேச்சு நடமாடுகிறது. இப்போது என் பேரன் வயதுள்ளவர்கள்கூட அதைச் சொல்லக் கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீருக்காகத் தம்பியோடு சண்டையிட்டு, அவனிடமிருந்த இரண்டாவது சாவியை நான் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன் என்பது அந்தப் பேச்சு. அது உண்மையல்ல. எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. அந்தச் சாவியை நான் அவனிடம் ஒருபோதும் கொடுத்ததில்லை.