ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்

எங்கள் தெரு முக்கில் செயற்கை நீரூற்று வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் பேசியவன் நான்தான். இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில், நாலு புத்தகம் படித்தவன் வேறென்ன செய்வான்? பாரசீக முற்றங்கள், மொகலாயத் தோட்டங்கள் என்று ஒரு சுற்றுப் போய்வந்து, விழும் தண்ணீர் தெருச்சூட்டைத் தணிக்கும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மோட்டார் வாங்கித் தந்தார். கீழக்கரைக்காரர், கத்தாரிலிருந்து திரும்பியவர். போர்வெல் தண்ணீர் உப்பாயிற்றே என்று யாரோ இழுத்தபோது, "குடிக்கத்தாண்ணே ஆகாது, பாக்க ஆகும்ல?" என்றார்.

நீரூற்று வருவதற்குள் என் மனைவிக்கு டயாலிசிஸ் வந்துவிட்டது. இந்த ஊரில் எதிர்பார்த்ததற்கு முன்னால் வருவது வியாதி ஒன்றுதான். மோர், டீ, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார் டாக்டர். ஒருமுறை மீறியதில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் திணறி, பிழைத்ததே பெரிது. தலைமுறையாகக் குடத்தோடு அலைந்த ஊரில், குழாயில் தண்ணீர் வந்தும் குடிக்கக்கூடாதவள் அவள். நான் சொம்பைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் குடிக்கப் பழகினேன்.

காற்று வருகிற ஒரே ஜன்னலின் கீழே அவள் கட்டில். ஜன்னலுக்கு நேரே நீரூற்று. இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அடியேனே.

ஒரு நாள் சாயங்காலம் அவள் சொன்னாள்: "ஏங்க, அத அமத்தச் சொல்லுங்க. அந்தச் சத்தம் தொண்டைக்குள்ள விழுது."

போனேன். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. "வாங்க சார், உங்க பேச்சாலதான் தெரு பொழச்சுச்சு!" உடம்பெல்லாம் வேர்க்குருவோடு நாள் முழுக்கக் கத்திய கைக்குழந்தை, தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஊரைக் கூட்டிப் பேசியவன் மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழக்கரைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "மதினிக்கு முடியலையாண்ணே?" பதிலுக்குக் காத்திராமல் போய் சுவிட்சை அணைத்தார். ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் வீட்டுக்குள் வந்து சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள புழுக்கத்துல அழுகுதுங்க. போடச் சொல்லுங்க."

"கொஞ்ச நேரம் கழிச்சு..."

"போடச் சொல்லுங்கன்னா."

ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். தண்ணீர் மறுபடி விழுந்தது. குழந்தை மெல்ல அடங்கியது.

அடுத்த டயாலிசிஸ் நாளை மறுநாள். அன்றைக்கென்று அளந்து வைத்த பாட்டிலில் ஒரு மடக்குதான் மிச்சம். அவள் மூடியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். கடைசியில் இறுக்கித் திருகி என்னிடம் நீட்டினாள்.

"இத எங்கனயாவது ஒளிச்சு வைங்க. நான் கேட்டு அழுதாலும் குடுக்காதீக."

வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பரண், அரிசி டிரம், பீரோவின் பின்பக்கம். ஒளித்துவைக்கிற இடங்களெல்லாம் அவள் எனக்குக் காட்டித்தந்தவை. பாட்டிலோடு நடுவீட்டில் நின்றேன்.