வெர்னா கீறிய தேவதாரு

அடுப்பைத் திறந்து, மாவுக்குள் ஆப்பிளை வைத்து மூடிச் சுட்ட ‘ஆப்பிள் பை’ பலகாரத்தை வெளியே எடுத்தபோதுதான் தன் கை செய்திருந்த காரியம் வெர்னாவுக்குத் தெரிந்தது. மேல்மாவில் தேவதாரு மரம் இருந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பக்கத்தில் இருந்த அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் உண்டு. ஆவி வெளியேற மேல்மாவில் போடும் கீறல்தான் அது. தேவாலய விருந்துக்குத் தட்டுகள் வந்து குவியும்போது, எது யாருடையது என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கல்யாணமாகிப் போகிற பெண் கணவன் வீட்டுக் கீறலுக்கு மாறிவிடுவாள். வெர்னாவும் ஸ்டாடர்ட் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர்களுடைய கோழிக்கால் வடிவத்தைத்தான் கீறி வந்தாள். தேவதாரு அவள் பிறந்த வீட்டுடையது. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

பக்குவம் மட்டும் அம்மாவுடையது. வெந்தாலும் குழையாத புளிப்பு ஆப்பிள், பட்டை, ஜாதிக்காய், பொடித்த கிராம்பு கொஞ்சம், கடைசியில் ஆப்பிள் சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகு. அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியதுகூட ஓர் ஆப்பிள் பையில்தான் தெரிந்தது. அப்படி ஒரு தேவாலய விருந்துக்கு, தான் பிறந்த வீட்டுக் கீறலைப் போட்டு எடுத்து வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், வெர்னாவும் சிரித்தாள். சில குளிர்காலங்கள் போனதும் அம்மாவுக்கு மகளின் பெயரே தெரியவில்லை.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனி உறைந்த மலைச்சாலையிலும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியவள். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்காத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. போன வாரம், மூடிக்கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்து வழியில் வண்டியைத் திருப்பிவிட்டாள். பிள்ளைகள் கத்தியதும், குறுக்கு வழி பார்த்தேன் என்று சமாளித்தாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

வேறொன்று சுட நேரமில்லை. துணியால் மூடி, அன்றைய தேவாலய விருந்துக்கு எடுத்துப் போனாள்.

விருந்துக் கூடத்தில் துணியை விலக்கியதும் நாத்தனார் ஹேசல் பார்த்துவிட்டாள்.

“ஏன் வெர்னா, முப்பத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் நீ எங்க வீட்டுக்கு வந்து சேரலையா? எங்கண்ணன் விரட்டிட்டானா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்னா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணும்னுதான் போட்டேன். அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு.”

சிரிப்பு அடங்கிவிட்டது. ஹேசல் கண் கலங்கி அவள் தோளைத் தொட்டாள். போதகர், அவளுடைய அம்மாவின் கைமணத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். ஆளாளுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு பாராட்டும் வெர்னாவுக்கு முள்ளாகக் குத்தியது. கணவன் லீலண்ட் மட்டும் தன் துண்டைச் சீஸோடு வாங்கி, ஒரு வாய்கூட வைக்காமல் நின்றிருந்தான்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவன் பேசினான்.

“உங்கம்மாவும் அன்னைக்கு இதையேதான் சொன்னாங்க. வேணும்னுதான் போட்டேன்னு.”

“தெரியும். பக்கத்துலதானே நின்னேன்.”

பேருந்தில் ஏதாவது நடந்ததா என்று கேட்டான். அவள் பழைய பள்ளிக்கூடத்து வழியைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சாவிக்கொத்திலிருந்து பேருந்துச் சாவியைக் கழற்றப் பார்த்தாள். வளையம் இறுகிக் கிடந்தது, நகம் ஒடிந்தது.

“டாக்டர்கிட்ட போவோம். ஒண்ணுமில்லன்னுகூடச் சொல்லலாம்,” என்றான்.

“சொல்லட்டும். ஆனா அதுவரைக்கும் நான் பிள்ளைங்கள ஏத்த மாட்டேன். நீயே ஆபீஸ்ல சொல்லிடு.”

“நீயே சொல்லு. நான் கூட வர்றேன்.”

சாவி கழன்று வந்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வண்டியைக் கிளப்பினான். வீடு வரும்வரை, அடுத்து எந்தத் திருப்பம் என்று ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.